வயரைப் பிடித்தபடி நாற்பது நிமிடம்

"அபாங், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அதைத் தொடாம இருங்க" என்று ரோஹானி அடுப்படியிலிருந்து சொன்னபோது, அவள் கணவர் ஹெல்மி ஏற்கெனவே தொட்டு முடித்திருந்தார்.

"தொடலையே. சும்மா பார்த்துக்கிட்டிருக்கேன்."

"வாயில ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கிட்டா? குரல்லயே தெரியுது."

ஹெல்மி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மணி பத்து. மகள் நாதிராவுக்கு மூன்று மணிக்கு நேர்காணல். பெர்த்தில் ஒரு கல்லூரி, கால்நடை மருத்துவம். பூனை நொண்டினாலே அழுகிற பெண், ஆறு வருஷமாக இதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே மூன்று பேராசிரியர்கள் திரையில் வந்து உட்காருவார்கள், இங்கிருந்து இவள் பேச வேண்டும். நடுவில் லைன் அறுந்தால் மறுபடி கூப்பிட மாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்கள்.

ரோஹானியும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தாள். "லைன் போச்சுன்னா, நாளைக்குப் பழைய சாமான் வாங்குற காராங் குனிக்காரர் வந்து ஹாரன் அடிக்கும்போது பழைய பேப்பரோட உங்க பெட்டியையும் தூக்கிக் குடுத்துருவேன்."

பெட்டி இருந்தது, போர் வந்தால் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கட்டிவைத்திருக்கும் குண்டு தாங்கும் அறையில். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் அந்த அறையில் அரிசி மூட்டையும் உடைந்த விசிறியும் வைப்பார்கள். ஹெல்மி சர்வர் வைத்திருந்தார். பெயர்தான் பெரிசு. ஆளைப் பார்த்தால், ஏதோ அலுவலகம் வேண்டாமென்று தள்ளிய கறுப்புக் கம்ப்யூட்டர். ஆனால் வீட்டுப் படங்கள், விளம்பரத் தடுப்பு, கடவுச்சொற்கள், விளக்குகள், ஓவனில் கேக் வேகிற நேரம் வரை அதைக் கேட்டுத்தான் நடந்தன. இரண்டு வருஷமாக வீட்டில் ஒருவர்கூட லைன் மெதுவாக இருக்கிறது என்று குறை சொன்னதில்லை. இதை அவர் வேலை பார்த்த பேருந்துப் பணிமனையில் கேட்காதவர்களிடமும் சொல்லியிருந்தார்.

சிரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்பு ஹெல்மிக்கு நெஞ்சில் அறுவை நடந்தது. மூன்று மாதம் படுக்கை. யாரோடும் பேசாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ரோஹானிதான் எங்கிருந்தோ இந்தக் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து, "இதையாவது நோண்டுங்க" என்றாள். நோண்ட ஆரம்பித்தார், எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார். அந்த நன்றி அவருக்கு இன்னும் தீரவில்லை. இன்று மகளின் நேர்காணலை இந்தப் பெட்டியே நடத்திக்கொடுத்துவிட்டால், கொஞ்சமாவது தீரும் என்று நினைத்தார்.

ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடுகிற பொருளை ஓட விடமாட்டார்கள். காலையில் திரையில் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு வரி வந்தது. முக்கியமான நாள், எல்லாம் புதுசாக இருக்கட்டுமே என்று ஹெல்மி அழுத்திவிட்டார். பெட்டி அணைந்தது, எழுந்தது. பாதிதான் எழுந்தது.

திரை கடவுச்சொல் கேட்டது. நாற்பது எழுத்துக் கடவுச்சொல். எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாதது. அதை ஹெல்மி ஒரு பூட்டுப்போட்ட கோப்பில் பத்திரமாக வைத்திருந்தார். கோப்பு பெட்டிக்குள் இருந்தது.

"அதுக்கும் வழி வெச்சிருக்கேன்" என்றார்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"பெட்டிகிட்ட."

வழி இருந்தது உண்மைதான். 'பெட்டி படுத்தால் என்ன செய்வது' என்று பதினோரு பக்கத்துக்குப் படம் போட்டு எழுதியிருந்தார். அதுவும் பெட்டிக்குள் இருந்தது.

கைப்பேசியில் தேடலாம் என்றால், அந்தப் பன்னிரண்டாம் மாடி மூலை வீட்டுக்குள் சிக்னல் வராது. ஹெல்மி வெளி நடைபாதைக்குப் போய், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார். ரௌட்டரின் பின்னாலுள்ள துளையில் ஊசியைக் குத்தி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தது. ரோஹானியின் முக்காட்டு ஊசியை எடுத்துக் குத்தினார்.

ரௌட்டர் எல்லாவற்றையும் மறந்துபோனது. வீட்டில் இருந்த ஒன்பது விளக்குகளும் முதலாளியைக் காணோமென்று மினுக்க ஆரம்பித்தன. ஓவன் தானாக அணைந்துகொண்டது.

"அபாங், என் பிங்கா கேக் பாதி வெந்து நிக்குது."

"ஒரு நிமிஷம்."

"மாவு எனக்காகக் காத்துக்கிட்டிருக்காது. விடுங்க, ஓன்டே-ஓன்டே உருண்டை உருட்டிக்கிறேன். அதுக்கு அடுப்பு போதும், உங்க அனுமதி வேணாம்."

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு சியூ எங் ஆன்ட்டி, ரோஹானி கொடுத்தனுப்பிய பாத்திரத்தில் ஆரஞ்சுப் பழங்களை நிரப்பித் திருப்பிக் கொடுக்க வந்தார். தனியாக இருக்கிறவர், பழைய பள்ளிக்கூட ஆசிரியை. கம்பிக் கதவு வழியே எட்டிப் பார்த்தார். ஹெல்மியின் கால்கள் மட்டும்தான் அறைக்கு வெளியே தெரிந்தன.

"என்ன ஹெல்மி, உன் வீடு டிஸ்கோ மாதிரி மினுக்குது?"

"சின்ன வேலை ஆன்ட்டி, முடிஞ்சிரும்."

"மெதுவா செய், நெஞ்சைப் பார்த்துக்கோ. நாதிராவுக்கு மூணு மணிதானே?"

"மூணுதான்."

"சரி, சரி" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி விறுவிறுவென்று போய்விட்டார்.

அடுத்து, பெட்டியையே விலக்கிவிட்டு லைனை நேராக இழுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். நல்ல முடிவுதான், காலையிலேயே எடுத்திருக்கலாம். பதினேழு வயர். பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று பதினேழையும் ஒரே நீல நிறத்தில் வாங்கியிருந்தார். குழம்பக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருந்தார். எந்த நம்பர் எங்கே போகிறது என்ற பட்டியல் எங்கே இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டரைக்கு நாதிரா குளித்து, நல்ல பாஜு கூரோங் உடுத்தி, அறை வாசலில் வந்து நின்றாள். அப்பா வயர்களுக்கு நடுவே நூல்கண்டில் மாட்டிய பூனையாக உட்கார்ந்திருந்தார்.

"அபா, எனக்காகப் பிரார்த்தனை பண்ணிக்குங்க."

"மன்னிச்சிரு நாதிரா. நான் காலையில அதைத் தொட்டிருக்கக் கூடாது."

"பரவாயில்லை அபா. பதறாம பாருங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று அவர் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுப் போனாள். முகத்தில் பயத்தின் சாயல்கூட இல்லை. அப்பனை இப்படி நம்புகிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று ஹெல்மிக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணுக்கு நம்பர்களும் தெரியவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டு. கையில் கடைசி வயர், சுவரில் கடைசித் துளை. செருகினார். ஒன்றுமில்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். ரௌட்டரில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. கையை எடுத்தார், அணைந்தது. மறுபடி பிடித்தார், எரிந்தது.

அதே நேரம் நாதிராவின் அறையிலிருந்து குரல் கேட்டது. வணக்கம் சொன்னாள், பெயர் சொன்னாள், எதற்கோ சிரித்தாள். லைன் வந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹெல்மி. மூச்சுவிடக்கூடப் பயந்து, அந்த வயரை இரண்டு விரலால் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தார்.

ஐந்து நிமிடத்தில் கால் மரத்தது. பத்து நிமிடத்தில் மூக்கு அரித்தது. பதினைந்தாவது நிமிடம் ரோஹானி ஒரு தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பேசாதே. இதை விட்டா எல்லாம் போயிரும்."

ரோஹானி அவரையும் வயரையும் பச்சை விளக்கையும் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் ஒரு முறை திரும்பினாள். பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் வழிந்த வேர்வையை முக்காட்டு நுனியால் துடைத்துவிட்டு, மூக்கையும் சொறிந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

"வயரா?"

"மூக்கு."

ஒரு ஓன்டே-ஓன்டேயை அவர் வாயில் முழுசாகப் போட்டாள். பாதியாகக் கடித்தால் உள்ளே இருக்கிற வெல்லப்பாகு பீய்ச்சி அடிக்கும்.

"விடாதீங்க அபாங்" என்றாள்.

"உனக்கு நான் எவ்வளவோ கடன்பட்டிருக்கேன் ரோஹானி. அன்னைக்கு நீ இந்தப் பெட்டியை உருட்டிக்கிட்டு வரலைன்னா, நான் எழுந்திருக்கவே மாட்டேன்."

"நீங்க எழுந்ததே எனக்குப் போதும். மெல்லுங்க."

மூன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. நாதிரா ஓடிவந்து, குந்தியிருந்த அப்பாவைக் குந்தியவாறே கட்டிக்கொண்டாள். வயர் கழன்று விழுந்தது. இனி விழுந்தால் என்ன.

"ரொம்ப நல்லா போச்சு அபா. இடம் குடுத்துருவோம்ங்கிற மாதிரியே பேசினாங்க. ஒரு தடவைகூட லைன் நிக்கலை. ரொம்ப நன்றி அபா."

ஹெல்மி அழுதார். மறைக்கவும் இல்லை. இரண்டு பேருமாகத் தூக்கிவிட, மரத்த காலை உதறிக்கொண்டு எழுந்தார்.

ரோஹானி இன்னொரு தட்டில் பலகாரம் அடுக்கினாள். "நாதிரா, இதை ஆன்ட்டிக்குக் குடுத்துட்டு வா."

"நானே குடுக்கிறேன். இந்த நல்ல சேதியை என் வாயால சொல்லணும்" என்றார் ஹெல்மி.

"வேணாம் அபாங், நீங்க கொஞ்சம் படுங்க."

"அம்மா சொல்றது சரி அபா, நான் போறேன்."

அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவைத் தட்டிவிட்டார். உள்ளே விசிறிகூட ஓடவில்லை. ஆன்ட்டி இருட்டில் நாற்காலி போட்டு, மடியில் கைகளைக் கோர்த்து உட்கார்ந்திருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது ஆன்ட்டி. ஆண்டவன் கிருபை, நம்ம பெட்டி கைவிடலை."

ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சுவிட்டார்.

"முடிஞ்சுதா, அப்பாடா. அப்ப நான் டிவி போட்டுக்கலாம்ல? ரெண்டு வருஷமா உங்க வீட்டு ஆளுங்க என் லைன்லதானே ஓட்டுறாங்க, இன்னைக்குப் பிள்ளைக்கு முழுசா கிடைக்கட்டும்னு எல்லாத்தையும் அணைச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். நடுவுல லைன் நின்னுருமோன்னு ரோஹானிதான் பயந்தா. நான் சொன்னேன், என் வீட்ல இருக்கிறது ஹெல்மி மாட்டிக் குடுத்த ரௌட்டர் பெட்டி, அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் அதைத் தொடலை, எப்படி நின்னுபோகும்னு."