அலாரம் பொய் சொல்லாது

படகு ஒரு சாண்கூட மேலே எழும்பவில்லை. அதற்குள் கிரேனின் அலாரம் கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. அய்யனார் லீவரை மெல்லத் தளர்த்தினார். படகு மறுபடியும் மணலில் உட்கார்ந்தது.

"இன்னாண்ணே ஆச்சு?" என்று கேட்டாள் படகுக்காரி செல்வகுமாரி.

"எடை ஜாஸ்தின்னு சொல்லுதும்மா."

"என் போட்டு ரெண்டு டன்னுதான். மூணு டன் தூக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொன்னேன். அது வேற சொல்லுதே."

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, நாளை விடிந்தால் பனித்திட்டு ஊரின் படகுகள் எல்லாம் கடலுக்குப் போகின்றன. பழுது பார்க்கக் கரையேற்றிய செல்வகுமாரியின் படகு மட்டும் கருங்கல் தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடக்கிறது. பத்தரைக்கு ராகுகாலம், அது முடிவதற்குள் கிரேனுக்கு வேறு ஊரில் வேலை. பத்தரைக்குள் தண்ணீரில் இறக்காவிட்டால் முதல் நாள் மீன்பாடு போச்சு.

அய்யனாரை லேசுப்பட்ட ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டி, ஒரு செங்கல்லைக்கூடக் கீழே போடாதவர். திருபுவனை ஃபேக்டரிகளில் பெரிய மெஷின் இறக்க வேண்டுமென்றால் பேர் சொல்லி அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் இரும்புக் கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கொக்கியின் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிரேக், ஆயில், ஹாரன், மணலில் ஊன்றிய நாலு ஜாக்கிக் கால் என்று ஒவ்வொன்றாக நோட்டில் டிக் அடித்த பிறகுதான் வாயில் டீ படும். இன்றைக்கும் அப்படித்தான், டிக் அடித்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போய் வந்தார்.

"உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

"வலதான்."

"எறக்குங்க."

வலையை இறக்கினார்கள். இறக்கிய அவசரத்தில் அது சிக்கலோ சிக்கலாகிவிட்டது. மறுபடியும் தூக்கினார். அலாரம் கத்தியது.

ஐஸ் பெட்டியை இறக்கினார்கள். கத்தியது. டீசல் கேனை இறக்கும்போது மூடி கழன்று, படகுக்குப் போட்டிருந்த மாலையெல்லாம் டீசல் நாற்றம். அதற்கும் கத்தியது. கடைசியில் எஞ்சினையே கழற்றிக் கீழே வைத்தார்கள். வெறும் கூடாய் நின்ற படகைத் தூக்கினார் அய்யனார்.

முன்பைவிடச் சத்தமாகக் கத்தியது.

ஊரே கூடிவிட்டது. செல்வகுமாரியின் புருஷன் கலைச்செல்வனுக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, அந்த அலாரம் பொட்டி ஒயர புடுங்கி வுடு. பாகூர்ல ஒரு கிரேன்காரன் இருக்கான், இதெல்லாம் பாக்கவே மாட்டான், வந்தோமா தூக்குனோமான்னு போயிடுவான்."

"அப்ப அவனையே கூப்டுக்கப்பா" என்றார் அய்யனார். "கீழ நிக்கற சனத்துல ஒருத்தன் தலயில இது வுழுந்தா, பதில் சொல்றவன் நான். அலாரம் கத்துனா நான் தூக்க மாட்டேன். கலெக்டரே வந்து சொன்னாலும் தூக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர உள்ளுக்குள் சந்தேகம். தன் கிரேனுக்கே ஏதாவது ஆகிவிட்டதா? டிக் அடித்ததில் எதையாவது கோட்டை விட்டாரா? நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷப் பேர், இந்த மணலில் கவிழப் போகிறதே!

மணி பத்து இருபது. செல்வகுமாரி கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒயர புடுங்க வாணாம்ணே. ஒரு நாள் பாடு போனா போவுது. இவ்ளோ கண்டிசனா பாக்கற ஆளு கையில என் போட்டு இருக்குதேன்னு எனக்குப் பெருமதான்."

அய்யனார் நோட்டை மூடிவிட்டுக் கிரேனிலிருந்து இறங்கினார்.

பூசைத் தட்டோடு காலையிலிருந்து ஓரமாக நின்றிருந்த செல்வகுமாரியின் மாமனார் மாரிமுத்து, மூன்றாவது கற்பூரமும் எரிந்து அணைந்த பிறகு நிதானமாகக் கேட்டார்:

"சுனாமிக்கு அப்பறம் தரையில கெடக்கற போட்டக்கூட நாங்க கட்டாம வுடறதில்லப்பா, ஊர்லயே கெட்டியானது ஒன் கிரேன்தான்னு, நீ டீ குடிக்கப் போனப்ப போட்டுக் கயித்த தென்னமரத்துலேந்து அவுத்து அது காலுல கட்டி வெச்சேனே, எல்லாத்தையும் எறக்கியாச்சு, இப்பவாச்சும் அந்தக் கயித்த அவுக்கலாமா?"