குலேந்திரனை நான் குணமாக்கிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வலது கையும் வலது காலும் பாதி செயலிழந்த ஒரு மனிதனை, ஒரே ஒரு பக்கம் எழுதி, நான் முழுச் சுகவாளி ஆக்கினேன். இரண்டு ஆஸ்பத்திரிகளும் நாலு டொக்டர்மாரும் ஒன்பது வருடம் முயன்றும் முடியாத காரியம் அது. எனக்கு ஒரு பின்னேரமும் இரண்டு பிளேன்ரீயும் போதுமாக இருந்தன. அரசாங்கமே என்னை நம்பி அவனுடைய கொடுப்பனவை நிறுத்தியது. அதற்குப் பிறகு நான் நடந்துகொண்டது இதைவிடக் கேவலம். அதையும் சொல்கிறேன்.

அவன் பெயர் குலேந்திரன், எங்களுக்குக் குலம். என் மனைவியின் தங்கை வதனியின் கணவன், எனக்குச் சகலன். ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தவன். திரான்சி என்ற புறநகரில் மூன்றாம் மாடியில் வீடு. லிஃப்ட் இல்லை.

நான் ஊரில் பட்டதாரி ஆசிரியராக இருந்தவன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில், குளிர்பெட்டியை ஒட்டிய மேசை முப்பது வருடமாக என்னுடையது. அங்கே இருந்து ஆட்களுக்குப் பிரெஞ்சிலும் தமிழிலும் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். கூலி வாங்குவதில்லை. ‘மாஸ்ரர்’ என்று நாலு பேர் கேட்கக் கூப்பிட்டால் போதும். அதிகம் எழுதியது கலியாணப் பேச்சுக்கான விபரங்கள். என் பேனாவில் பிறந்த மாப்பிள்ளைகளில் ஒருவருக்கும் வழுக்கை இருந்ததில்லை. சாமான்களைத் தூக்கி எறிகிற ஒருவரை மட்டும் ‘கண்டிப்பானவர்’ என்று எழுதினேன். (அவருக்கு இப்போது மூன்றாவது கலியாணம். விபரம் எழுத என்னிடம் வரவில்லை.)

ஒன்பது வருடம் குலம் பழைய முறையில் இருந்தான். அந்த முறையில் மனைவியின் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கணவனின் ஊனக் கொடுப்பனவைத் தீர்மானிப்பார்கள். வதனிக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை. அவள் கூட நேரம் வேலை செய்தால் இவனுக்குக் குறையும். அதனால் அரைநேர வேலையோடு நின்றுவிட்டாள். பிறகு சட்டம் மாறியது. புதிய முறையில் மனைவியின் சம்பளத்தை எட்டியும் பார்க்கமாட்டார்கள். ஊனம் எவனுடையதோ கொடுப்பனவும் அவனுடையது. சரியாக அந்த நேரம் பார்த்து அவனுடைய பழைய அனுமதியும் முடிந்து, எல்லாவற்றையும் புதிதாக நிரப்ப வேண்டி வந்தது.

தன் கடதாசிகள் அடங்கிய தொசியேயைத் தூக்கிக்கொண்டு குலம் என் மேசைக்கு வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“அண்ணை, இனி என்ரை பேரிலை வரும். அவளின்ரை சம்பளத்தாலை என்னை அளக்கமாட்டினம்.”

“வராமல் எங்கை போறது? நான் எழுதிறன்,” என்றேன்.

அந்தப் படிவத்தில் ஒரு பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. உங்கள் நாள் எப்படிப் போகிறது, எதைச் செய்ய முடியவில்லை, என்ன தேவை, உங்கள் சொற்களில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வியப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து இரண்டு நாட்டு அரசாங்கங்கள் என்னிடம் பல கேள்விகள் கேட்டிருக்கின்றன. உன் நாள் எப்படிப் போகிறது என்று ஒன்றும் கேட்டதில்லை.

அந்த மரியாதைக்கு நான் என்ன மரியாதை செய்தேன் தெரியுமா? என் குடும்பத்து ஆண்பிள்ளைக்குத் தன் சப்பாத்தைப் போட முடியாது என்று வெள்ளைக்காரனுக்கு எழுதுவதா என்று மனம் கூசியது. இன்னொன்றும் இருந்தது. அவன் மகள் துளசிக்கு நான் ஓரிடத்தில் கலியாணப் பேச்சைத் தொடங்கியிருந்தேன். (துளசிக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும்.) இந்தத் தாள் எப்படியோ மாப்பிள்ளை வீட்டார் கையில் அகப்பட்டுவிட்டால்? அரசாங்க அலுவலகத்துத் தாள் கூசேன்வில்லில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகும் என்று ஒரு கணிதப் பட்டதாரி யோசிக்கவில்லை.

எழுதி முடித்து நீட்டினேன். குலம் வாசிக்காமலே இடது கையால் கையெழுத்து வைத்தான்.

“நீங்கள் எழுதினா சரிதானே, அண்ணை.”

மூன்று மாதத்தில் மறுத்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தன் அலுவல்களைத் தானே பார்க்கக்கூடியவராக இருக்கிறாராம். டொக்டர் ‘முன்போலவே’ என்று ஒரு சொல்லோடு முடித்திருந்ததால், அவர்கள் வாசிக்க இருந்தது என் பக்கம்தான். கொடுப்பனவு நின்றது. இரண்டு மாதத்துக்குமேல் வாடகை கட்ட முடியாது, வீட்டை விட்டுவிட்டு யார் வீட்டிலாவது ஓர் அறையில் ஒதுங்க வேண்டியதுதான் என்று வதனி என் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதாள்.

“அவங்கள் பிழை விட்டிட்டாங்கள். கொம்பியூட்டர் பிழையாயிருக்கும்,” என்றேன் நான். மூன்று கிழமை இதையே சொன்னேன். கடைசியில் எனக்கே அந்தக் கொம்பியூட்டர் மேல் கோபம் வந்துவிட்டது.

மறுபரிசீலனை கேட்டோம். நேரில் வரச் சொன்னார்கள். நான், குலம், மொழிபெயர்க்கத் துளசி. அவள் இங்கே பிறந்தவள், என் பிரெஞ்சைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. தலையில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டு, என் பக்கத்தை நிதானமாக உரத்து வாசித்தார். துளசி தகப்பனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அப்பா நல்ல குடும்பத்திலை பிறந்தவராம்.”

“அதுக்கென்ன,” என்றான் குலம்.

“சிகரெட், குடி ஒண்டும் இல்லையாம்.”

“உண்மைதானே.”

“ஒருத்தற்றை தயவையும் எதிர்பாராதவராம். மூண்டாம் மாடிக்கு ஒரு நாளும் உதவி கேட்டு ஏறினதில்லையாம். சமையலிலை கெட்டிக்காரராம்.” அவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, “அப்பா, உங்களைக் கலியாணம் பேசுறாங்களோ?”

அதிகாரி சிரிக்கவில்லை. குலத்தின் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதை எழுதியது யார், மிஸ்யூ?”

நான் எழும்பி ‘நான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வெறும் ஈரெழுத்து வேலை. நான் யன்னலோரம் இருந்த பூச்சாடியைப் பார்த்தேன். அதில் ஏழு இலைகள். எண்ணினேன்.

“நான்தான் சொல்லி எழுதுவிச்சது எண்டு சொல்லு,” என்றான் குலம் மகளிடம். “வெக்கத்திலை கொஞ்சம் கூடச் சொல்லிப்போட்டன்.”

துளசி என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே மொழிபெயர்த்தாள். நான் எட்டாவது இலை தேடினேன்.

அதிகாரி தாளை மூடினார். “தங்கள் ஊனத்தைக் கூட்டி எழுதுகிறவர்களைத்தான் கண்டிருக்கிறேன். மாத முடிவுக்குள் புதிதாக ஒரு பக்கம் கொடுங்கள். நல்ல நாளை எழுதாதீர்கள். மோசமான நாளை எழுதுங்கள்.”

வெளியே பஸ் தரிப்பில் இருந்தோம். துளசி ரிக்கற் வாங்கப் போனாள்.

“ஏன்ரா அப்பிடிச் சொன்னனீ?” என்றேன்.

“பின்னை? நீங்கள் எண்டு தெரிஞ்சா நாளைக்கு ஆரண்ணை உங்களிட்டை கடிதம் எழுத வருவினம்? எனக்கு ஏற்கெனவே பாதி உடம்பு இல்லை. பேரிலையும் பாதி போகட்டும்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். “ஆனா அண்ணை, சமையல் எண்டு ஏன் எழுதினனீங்கள்? முட்டை உடைக்கிறதே எனக்கு ஒரு போர்.”

வீடு போகிற நிலையில் இருக்கிற மனிதன், என் தேத்தண்ணிக் கடை மேசையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நான் ஆயிரம் பேருக்கு நல்ல குணம் எழுதியவன். எழுதாமல் ஒன்றைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

அடுத்த புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் திரான்சிக்குப் போனேன். வதனி வேலைக்குப் போய்விட்டாள். “இண்டைக்கு நான் ஒண்டும் செய்யமாட்டன். பாத்து எழுதப்போறன்,” என்று கொப்பியோடு ஒரு மூலையில் இருந்தேன்.

பத்து மணிக்குள் மூன்று தாள் முடிந்துவிட்டது.

அவன் தேத்தண்ணியை அடுப்பின் முன்னால் நின்றபடியே குடித்தான். ஊன்றுகோல் ஒரு கையில் இருந்தால் கோப்பையைப் பிடிக்க மற்றக் கை இல்லை, ஆகவே ஒன்பது வருடமாக அவன் தேத்தண்ணி அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. பால் பெட்டியைப் பல்லால் திறந்தான். பாணை இழுப்பறையில் செருகி, இடுப்பால் இழுப்பறையை நெருக்கிப் பிடித்து, இடது கையால் வெண்ணெய் பூசினான். சப்பாத்துக்குப் பதினாலு நிமிடம். இதற்கிடையில் என்னோடு அரசியலும் கதைத்தான்.

பிறகு கடைக்கு இறங்கினோம். அந்தப் படிக்கட்டில் கைபிடி ஒரு பக்கம்தான். ஏறும்போது அது அவன் இடது கைக்கு வரும். இறங்கும்போது வலதுக்குப் போய்விடும், அந்தக் கையால் பிடிக்க முடியாது. என்ன செய்தான் தெரியுமா? திரும்பி நின்று, மேலே பார்த்தபடி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினான். இரண்டாம் மாடிக் கிழவி அவன் மேலே ஏறுகிறான் என்று நினைத்து வழிவிட்டு நின்றாள். “பொன்ஜூர், மதாம்,” என்று அவளுக்கு முகம் காட்டியபடியே அவன் கீழே போய்க்கொண்டிருந்தான். நான் கொப்பியை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டேன். மலை ஏறியவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். அவர்கள் ஒரு தடவை ஏறினார்கள், கொடி நட்டார்கள். இவன் பாண் வாங்க வாரத்தில் ஐந்து நாள் இறங்குகிறான்.

மத்தியானம் குளித்துவிட்டுச் சட்டை போட்டான். நெடுநேரம் எடுத்தது. “ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு? வதனி வந்து பூட்டிவிடுவாள்தானே,” என்றேன்.

“இப்ப போட்டால் இதோடையே படுப்பன், அண்ணை. விடிய அவள் ஓடுப்பட்டு வேலைக்குப் போற நேரம் எனக்குப் பொத்தான் பூட்டத் தேவையில்லை. அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

அதையும் எழுதினேன்.

பத்துப் பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன். அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டிருந்தான். முடிவில் ஒரு திருத்தம்தான் சொன்னான்: “சப்பாத்துக்குப் பதினாலு இல்லை. பதினொண்டு. நீங்கள் கதை கேட்டதாலை பிந்தினது.”

அதோடு என் பெயரில் தனியாக ஒரு கடிதமும் வைத்தேன். முதல் பக்கத்தை எழுதியது நான், அவருக்கு அதில் என்ன இருந்தது என்றே தெரியாது, அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்று எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் இரண்டையும் வதனியின் கையில் கொடுத்தேன். அவள் சமையலறைக் கதவில் சாய்ந்து வாசித்தாள். கடைசித் தாளில் நெடுநேரம் நின்றாள்.

“சட்டையோடை படுக்கிற சோம்பேறி எண்டு இந்த மனுசனை நான் பேசாத நாளில்லை, அத்தான்,” என்றாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. அவள் பேசாதது என் பொய்க்காகவா உண்மைக்காகவா என்று எனக்கு இன்றும் தெரியாது.

தேத்தண்ணிக் கடையிலும் நானே சொன்னேன். மேசை ஒரு கிழமை காலியாகக் கிடந்தது. பிறகு ஆட்கள் திரும்பி வந்தார்கள். இப்போது எழுதியதை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள்.

நாலாம் மாதம் புதிய முறையில், குலேந்திரன் என்ற ஒரே பெயருக்கு, கடிதம் வந்தது. நின்றதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வதனி முழுநேர வேலைக்கு மாறினாள். அவள் சம்பளம் கூடியதால் வாடகை உதவி அடுத்த கணக்கில் குறைந்தது, ஆனாலும் வீடு நிலைத்தது.

அவள் விடியமுதலே போய்விடுவதால், குலத்துக்கு உதவியாக நான் தினமும் ஏழு மணி ரயிலில் திரான்சிக்குப் போகத் தொடங்கினேன். பரிகாரம் என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு. போனால் மேல் பொத்தான் இரண்டும் திறந்திருக்கும். என் விரல்களில் வாதம், பூட்ட நேரமெடுக்கும். அவன் பொறுமையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் முந்திய ரயில் கிடைத்தது. கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. உள்ளே குலம், கழுத்துவரை பூட்டிய சட்டையோடு, கண்ணாடியின் முன் நின்றான். இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, மிகுந்த சிரமப்பட்டு, மேல் பொத்தான் இரண்டையும் கழட்டிக்கொண்டிருந்தான்.

சத்தம் போடாமல் இரண்டு படி இறங்கி, இருமிக்கொண்டு மறுபடி ஏறினேன். போய்ப் பூட்டிவிட்டேன்.

இது எப்படியோ துளசிக்குத் தெரிந்துவிட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை: “பெரியப்பாவுக்கு ஒரு பொத்தான் விட்டு வையுங்கோ.” போன தைப்பொங்கலுக்கு எல்லாம் ஆகி, பொங்கல் பானையை இறக்குகிற நேரம், வதனி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

“அத்தான், கஜு இன்னும் போடேல்லை. வாங்கோ.”

போய் முந்திரிப்பருப்பைப் போட்டேன்.