லைட் அணையும் முன்னம்

ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாத பிறவி நான். பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்றாலும் கால் ஆடும், ஜும்ஆவில் இமாம் ஸலாம் கொடுத்து முடிக்கும் முன்னம் என் கண் செருப்பைத் தேடும். (அல்லாஹ் மன்னிக்கட்டும், தொலைந்த செருப்புகளும் அதிகம்.)

இதில் பாதிக் குற்றம் கற்பிட்டிக் கடலுக்கு. வாப்பாவின் வள்ளத்தில் ஒரே சட்டம்தான்: கரை மணல் தெரிந்ததும் எழும்பு, சாமானைத் தூக்கு, குதித்து வள்ளத்தைப் பிடி. வள்ளம் தட்டும் வரை உட்கார்ந்திருப்பவனுக்கு, "என்னடா, மாப்புள ஊர்வலமா போற?" என்று ஏச்சு விழும். பத்து வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, கரை தெரிந்தாலே என் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும்.

துபாயில் ஆறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு என் கலியாணத்துக்கு ஊர் திரும்பிய நாளில்தான் அந்தப் பழக்கம் ஆகாயத்தில் வேலை காட்டியது. பெண்ணுக்கு ஊர் கனமூலை. பெயர் பர்ஹானா. அவளுக்கு வாப்பா இல்லை. நிக்காஹில் என் கையைப் பிடித்து அவளைத் தரவேண்டிய வலீ, குவைத்தில் இருந்த அவளது மூத்த அண்ணன், நவ்பல் காக்கா. அவர் சம்மதிக்காமல் கலியாணம் இல்லை. போனில் இரண்டு முறை ஸலாம் சொல்லியிருக்கிறேன், முகம் பார்த்ததில்லை. அவரது வாட்ஸ்அப் படத்தில் ஒரு ரோசாப்பூதான் இருந்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. அவ்வளவுதான், நான் எழும்பிவிட்டேன். பெல்ட் லைட் எரிகிறது, பணிப்பெண் தன் இருக்கையிலிருந்தே கத்துகிறாள், "சேர், இருங்க! தயவுசெஞ்சு இருங்க!" மூன்று முறை கத்தினாளாம். நானோ மேல் தட்டைத் திறந்து, உம்மாவுக்கு வாங்கிய ரைஸ் குக்கரை இழுத்துக்கொண்டிருந்தேன். விமானி பிரேக் போட்டார். நான் ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம். என் முழங்கை கதிரைப் பிடியில் மோதியது. குக்கர், ஓரக் கதிரையில் தொப்பியும் மாஸ்க்குமாக உறங்கிக்கொண்டிருந்த ஒரு மனிசனின் தலையில் இறங்கியது.

"யா அல்லாஹ்! ஆருடா அது?" என்று நெற்றியைப் பொத்திக்கொண்டு எழும்பினார். விரலிடுக்கில் ரத்தம். பிறகு ஒரு அதிகாரி தாளொன்றை நீட்டினார். வாசித்துப் பார்க்க யாருக்குப் பொறுமை? சடாரென்று ஒப்பம் வைத்துவிட்டு வேனுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் முழங்கை பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியது. உம்மா அழ, எனக்கு வீரம் வந்தது. "பிரேக் போட்டது அவன். நட்டஈடு வாங்காம விடமாட்டேன்!" என்று மூன்று வீடு கேட்கச் சபதம் போட்டேன். அடுத்த நாள் காலையே புத்தளம் டவுனில் ஒரு சட்டத்தரணி முன்னால் போய் இருந்தேன். (இருந்தேன் என்பது பேச்சுக்கு. கதிரையின் நுனியில் தொங்கினேன்.)

அவர் கேட்ட முதல் கேள்வி, "லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சேர். ஆனா விமானம் எறங்கிட்டே?"

"இங்க பாருங்க தம்பி. விமானத்துக்குள்ள காயம் பட்டா கம்பெனிதான் பதில் சொல்லணும், அது சரி. ஆனா பயணியோட கவனயீனத்தால வந்த காயம்னு அவங்க காட்டினா, நட்டஈடு கொறையும், சில நேரம் ஒண்டும் இல்லாமலே போகும். நீங்க என்னத்துலயோ ஒப்பம் வச்சீங்களே, 'சொல்லச் சொல்லக் கேக்காம எழும்பினேன்'னுதான் அதுல இருந்திருக்கும்."

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லையா?"

"இருக்கே. அந்தத் தலை ஒடஞ்ச மனிசன் கம்பெனியிட்ட கேப்பாரு. கம்பெனி அவருக்குக் குடுத்துட்டு, அத உங்களிட்ட கேக்கலாம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நட்டஈடு வாங்கப் போனவன் நட்டஈடு கொடுக்கிற இடத்தில் நின்றேன். வழக்கம்போல, அவர் பேசி முடிக்கும் முன்னம் எழும்பிக் கதவைத் திறந்தேன்.

வெளியே மர வாங்கில் தலைக்கட்டோடு ஒரு மனிசன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவரும் எழும்பினார்.

"இவன்தான் சேர்! குக்கர்காரன்! குவைத்துலேருந்து துபாய்ல விமானம் மாறி வந்ததே, வெள்ளிக்கிழமை கனமூலையில என்ட தங்கச்சிட நிக்காஹுக்கு. வலீ நான், இந்தத் தலையோட மாப்புளக்கி எப்பிடிக் கைகுடுக்கிற?"

அந்தக் குரல் போனில் கேட்ட குரல்.

"காக்கா... அந்த மாப்புள... நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு நிமிசம் இருக்க ஏலாதவன் என்ட தங்கச்சியோட எப்பிடி ஒரு ஆயுசு இருப்பான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதுதான் வலித்தது.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உம்மா போய்க் கெஞ்சினா, மாமா போய்ப் பேசினார். "வெள்ளிக்கிழமை பாப்பம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பர்ஹானாவிடமிருந்து மட்டும் ஒரு மெசேஜ் வந்தது: "குக்கர் ஒடஞ்சிட்டா?"

வெள்ளிக்கிழமை பள்ளியில் சபை நிறைந்துவிட்டது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காக்கா வந்தார், தொப்பியைக் கட்டுக்கு மேலே இழுத்துவிட்டபடி. எனக்கு முன்னால் இருந்து, வீங்கிய முழங்கையென்றும் பாராமல் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"என்ட தங்கச்சி பர்ஹானாவ..." என்று தொடங்கினார்.

"ஏற்றுக்கொண்டேன்!" என்றேன் நான்.

நிக்காஹ் நடத்த வந்த லெப்பை கண்ணாடியைக் கழற்றினார். காக்கா என் கையை இன்னும் இறுக்கினார். அவரது மீசை துடித்ததைக் கண்டு முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"இருங்க மாப்புள," என்றார். "லைட் இன்னும் அணையல்ல."

குக்கர் கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது; பள்ளி அதிரச் சிரிப்பு எழும்பியது. லெப்பையும் சிரித்தார். பிறகு காக்கா முதலிலிருந்து நிதானமாகச் சொல்லி முடித்தார். நான் மூன்று தரம் எச்சில் விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

கம்பெனியிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடனை என் பெண்டாட்டி வசூலித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டில் பாதியில் எழும்பினால், பேச்சில் பாதியில் நழுவினால், குசினிக்குள் இருந்து அவள் குரல் வரும்: "லைட் அணைஞ்சிட்டா?" நெளிந்த மூடியோடு அந்தக் குக்கர் அவளுக்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். நான் திரும்பவும் உட்காருவேன்.