நூறு எண்ணும்போது பேசக் கூடாது

பிப்ரவரி 3, திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடம். இடுப்பின் சுற்றளவு நூற்று நான்கு சென்டிமீட்டர். அளக்கப்பட்டவரின் பெயர் நாற்காலியார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததற்காகச் சக ஊழியர்கள் வைத்த பெயர் இது. அந்த இடத்தில் நாற்காலியை மூன்று முறை மாற்றினார்கள். அவரை ஒரு முறைகூட மாற்ற முடியவில்லை.

அளந்தவர் அவர் மனைவி. பல் மருத்துவர் ஒருவரிடம் பத்தொன்பது வருடமாக உதவியாளர். யார் அலறினாலும் கை நடுங்காது, முகம் மாறாது.

"மூச்சை உள்ள இழுக்காதீங்க."

"இழுக்கலையே."

"அப்ப ஏன் முகம் நீலமா இருக்கு?"

நாற்காலியார் மூச்சை விட்டார். இஞ்ச் டேப் மனைவியின் கையிலிருந்து தெறித்துப் போய்ச் சுவரில் மோதியது.

இரண்டு நாளைக்கு முன்புதான் மருத்துவர் அவருடைய பரிசோதனைத் தாள்களைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். சர்க்கரை எல்லையில் நிற்கிறது. ரத்த அழுத்தம் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. முதுகெலும்பு கேள்விக்குறி போல வளைந்திருக்கிறது. எட்டு வாரத்தில் இடுப்பு தொண்ணூற்றெட்டுக்குக் கீழே வர வேண்டும். இல்லையென்றால் ஆயுள் முழுக்க மாத்திரை.

மாத்திரைக்கு நாற்காலியார் பயப்படவில்லை. அவர் பயந்தது மனைவியின் அண்ணனுக்கு.

மைத்துனர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலை போனாலும் கழுத்தில் தொங்கிய விசில் போகவில்லை. குடும்பத்தில் அவருக்குப் பெயரே விசில்தான். போன தடவை ஒன்பது நாள் வந்து தங்கினார். அந்த ஒன்பது நாளும் நாற்காலியார் பஸ் நிறுத்தத்துக்கு ஓடித்தான் போனார். பஸ் வந்த பிறகும் ஏற விடாமல், அடுத்த நிறுத்தம் வரை பஸ்ஸோடு ஓடச் சொன்ன புண்ணியவான் அவர்.

"அண்ணனை வரச் சொல்லிடறேன். மூணு மாசம் இங்க இருந்தா உங்களை நிமித்திடுவாரு. ரிட்டயர் ஆனதுலேருந்து அவரும் பேச ஆளில்லாம சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"சுவரு பாவம்."

"என்ன சொன்னீங்க?"

"அவரு பாவம்னேன்."

மனைவி போனை எடுத்தார். நாற்காலியார் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த முதல் பாய்ச்சல் அதுதான்.

"ஏம்மா, அவசரப்படாதே! நானே குறைச்சுக் காட்டறேன். எட்டு வாரம் குடு. தொண்ணூத்தெட்டுக்குக் கீழ வந்துட்டா, என் உடம்பைச் சாக்கா வெச்சு உங்கண்ணன் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

"உங்க உடம்பைச் சாக்கா வெச்சு ஏற மாட்டாரு. சரி."

அன்று சாயங்காலமே நாற்காலியார் உடம்பைக் குறைக்க ஒரு இடம் தேடித் தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சலவைக் கடையின் மாடியில் ஒரு பலகை. 'பிலாட்டீஸ்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு பெண்மணி சுகமாகப் படுத்துக்கொண்டிருக்கும் படம்.

படுத்துக்கொண்டே செய்கிற உடற்பயிற்சி! உலகத்தில் இப்படி ஒன்று இருப்பதை ஐம்பத்தொரு வயதுவரை தன்னிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்று அவருக்கு நெஞ்சு கொதித்தது. இரண்டிரண்டு படியாக ஏறினார். ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏறினார்.

பயிற்சியாளர் மெலிந்த பெண். அதட்டுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. விசிலும் இல்லை. நாற்காலியாருக்கு அங்கேயே பாதி உடம்பு குறைந்துவிட்டது.

"மல்லாந்து படுங்க சார். காலை ரெண்டையும் தூக்குங்க. தலையும் தோளும் தரையை விட்டு எழும்பணும். கையைப் பக்கத்துல நீட்டி, மேலயும் கீழயும் அடிச்சுக்கிட்டே இருங்க. அஞ்சு எண்ணிக்கைக்கு மூச்சை இழுக்கணும், அஞ்சு எண்ணிக்கைக்கு விடணும். மொத்தம் நூறு. இதுக்குப் பேரே 'நூறு'தான்."

பன்னிரண்டாவது எண்ணிக்கையில் நாற்காலியாருக்கு வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவது போலிருந்தது. பலகையில் படுத்திருந்த பெண்மணி சுகமாக இல்லை, எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"தலை ஆடக் கூடாது சார். ஆடினா வயிறு சும்மா இருக்கு, கழுத்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். தலை ஆடினா அது 'நூறு' இல்லை, வெறும் ஆட்டம். அப்புறம், எண்ணி முடியற வரைக்கும் பேசக் கூடாது."

நாற்காலியார் படுத்தபடியே கண்ணை அகல விரித்தார்.

"பேசவே கூடாதா?"

"ஒரு வார்த்தை கூடாது. மூச்சு கெட்டுடும்."

"வீட்ல செய்யும்போதும்?"

"எங்க செஞ்சாலும் சார்."

அவர் வீட்டுக்குப் பறந்து வந்தார்.

மறுநாள் காலை மனைவி சமையலறையிலிருந்து வந்தார். "என்னங்க, குழாய் ஒழுகுதுன்னு நாலு நாளாச் சொல்றேனே, ஆளைக் கூப்பிட்டீங்களா?"

நாற்காலியார் விரிப்பில் சடாரென்று மல்லாந்தார். ஒரு விரலை உயர்த்தி, "நூறு!" என்றார். அவ்வளவுதான். பிறகு வாய் திறக்கவில்லை.

நூறு முடிந்ததும் இன்னொரு நூறு. அதற்கு மேல், பந்து போல உருளும் பயிற்சி. முழங்காலைக் கட்டிக்கொண்டு பின்னால் உருண்டார், செருப்பு அலமாரியில் மோதினார், முன்னால் உருண்டு வந்தார். தலையில் ஒரு செருப்பு இருந்தது. அதற்கும் பேசவில்லை. இப்படி நாற்பது நிமிடம்! கல்யாணம் ஆனதிலிருந்து இத்தனை நேரம் யாரும் அவரைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்காமல் இருந்ததே இல்லை.

நியாயமாகச் சொன்னால், அவர் ஏமாற்றவும் இல்லை. மௌனத்துக்காகத் தொடங்கினார், ஆனால் உடம்பு நிஜமாகவே கேட்க ஆரம்பித்தது. மேசை இழுப்பறையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை எதிர்மேசைக்காரரிடம் கொடுத்தார். மணிக்கொரு முறை எழுந்து நின்றார். முதல் தடவை அவர் நின்றபோது அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இடுப்பு நூற்று இரண்டு. நூற்று ஒன்று. மார்ச் முதல் வாரம் சரியாக நூறு!

எதிர்மேசைக்காரர் கேட்டார்: "சார், முதுகு வலி எப்படி?"

"எந்த முதுகு?" என்றார் நாற்காலியார்.

அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் தாங்களும் பிலாட்டீஸில் சேர்கிறோம் என்றார்கள். ஏப்ரல் 5, சனிக்கிழமை அவர்களுக்கு எதிரில் 'நூறு' செய்து காட்ட நாற்காலியாரையே அழைத்தார் பயிற்சியாளர். "ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல தலை ஆடாம செய்யறவங்க அபூர்வம் சார்." வீட்டில் செய்வதை வாரா வாரம் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். முதல் முப்பது எண்ணிக்கை போதும்.

அந்த முப்பதில் நாற்காலியார் கல்வெட்டு மாதிரி அசையாமல் இருப்பார். எடுப்பது மனைவி. போனை முக்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். முப்பதுக்குப் பிறகு அணைப்பதற்கு எழுந்திருப்பதில்லை. பயிற்சியாளருக்கு முதல் முப்பதை மட்டும் வெட்டி அனுப்புவார்.

நாற்பதுக்கு மேல் வயிறு கைவிட்டது. கழுத்து பொறுப்பேற்றது. கை மேலே போனால் தலை மேலே, கை கீழே வந்தால் தலை கீழே. நாற்காலியாருக்கு அது தெரியாது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, முன்னறைக்கு நீலத் திரை போட்டுடலாமா?"

நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு.

மறுநாள் முன்னறையில் நீலத் திரை ஆடியது. கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை, அவளே போட்டுக்கொண்டாள், போகட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம், "பின்ரூம்ல இருக்கற பழைய பேப்பர் கட்டையெல்லாம் எடுத்துடட்டுமா?" ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. "அங்க ஒரு கட்டில் போடலாமா?" அறுபத்தாறு.

மார்ச் 20, வியாழக்கிழமை. எண்ணிக்கை எழுபது.

"அண்ணன் வந்து நம்மகூட இருக்கட்டுமா?"

நாற்காலியாரின் காது விறைத்தது. 'கூடவே கூடாது' என்று கத்த வாய் துடித்தது. ஆனால் எழுபதில் கத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து வர வேண்டும். அதோடு, இத்தனை நாள் காப்பாற்றிய மௌன விரதம் உடைந்துபோகும். நாளை முதல் விரிப்பிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் யோசித்தார். பதில் எழுதாத கோப்பு நகராது. அலுவலகத்தில் எத்தனை கோப்புகளை அப்படி உட்கார வைத்திருக்கிறார்! வாயை இறுக மூடிக்கொண்டு, பதற்றத்தில் இரண்டு மடங்கு வேகமாகக் கையை அடித்தார். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று.

மனைவி முக்காலியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 31. மருத்துவர் இரண்டு முறை அளந்தார். தொண்ணூற்றேழு! மாத்திரை வேண்டாம் என்று எழுதினார். நாற்காலியார் அந்தத் தாளைக் கொடி போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தே வந்தார். வீட்டு மாடிப்படியில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"ஏம்மா! தொண்ணூத்தேழு! ஜெயிச்சாச்சு!"

கதவைத் திறந்தவர் விசில்.

"வாங்க மாப்ளே!" என்று கட்டிப் பிடித்தார். "நீங்களே என்னை வரச் சொன்னீங்கன்னு தங்கச்சி சொன்னப்போ எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. இத்தனை வருஷத்துல நீங்க என்னை வான்னு சொன்னதே இல்லை மாப்ளே."

பின்ரூமில் கட்டிலும் பெட்டியும் தெரிந்தன. நாற்காலியார் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லலை. தலையாட்டினீங்க."

"ஆட்டவே இல்லை! ஆதாரம் இருக்கா?"

மனைவி போனை நீட்டினார். திரையில் நாற்காலியார் மல்லாந்திருந்தார். மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது: அண்ணன் வந்து நம்மகூட இருக்கட்டுமா? திரையிலிருந்த தலை மேலும் கீழும் ஆடியது. ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. கடைசி நான்கும் மிகுந்த ஆர்வத்தோடு.

"இது... இது சம்மதம் இல்லைம்மா. கழுத்து தானா ஆடுது."

"எங்க கிளினிக்ல வாயைத் தொறந்து படுத்திருக்கறவங்க யாரும் பேச மாட்டாங்க. 'இந்தப் பல்லையும் எடுத்துடலாமா'ன்னு டாக்டர் கேப்பாரு. தலையாட்டினா எடுத்துடுவோம். யாரும் அப்புறம் வந்து கழுத்து தானா ஆடுச்சுன்னு சொன்னதில்லை."

"பிலாட்டீஸ்ல தலை ஆடும்!"

"ஆடக் கூடாதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" மனைவியின் குரல் பஞ்சு போல மென்மையாக இருந்தது. "எனக்கு என்ன தெரியும்? டீச்சருக்கே இதை அனுப்பிக் கேட்டுடறேன். இது சம்மதமா, இல்லை எட்டு வாரமா நீங்க தப்பாத்தான் செய்யறீங்களான்னு. சனிக்கிழமை பன்னெண்டு பேர் வர்றாங்க இல்லையா, அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கறது நல்லது."

கட்டை விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது. அந்த விரல் நடுங்கவில்லை.

நாற்காலியார் விரலைப் பார்த்தார். பன்னிரண்டு பேரை நினைத்தார். வாசலில் மைத்துனர் யாரிடமோ போனில், "என் மாப்ளே மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கணுமே!" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பத்து எண்ணுவதற்குள் அவர் வாய் திறந்தார்.

"சம்மதம்னுதான் ஆட்டினேன்."

"எனக்குத் தெரியுங்க," என்றார் மனைவி. போனைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனுக்குக் காபி போடப் போனார்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை நடந்த செயல்விளக்கத்தில் நாற்காலியாரின் தலை முப்பது எண்ணிக்கை வரை அசையவில்லை. முப்பதோடு போதும் என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 16, திங்கட்கிழமை, அதே தெருவில் நான்கு வீடு தள்ளி மைத்துனர் ஐந்து வருடத்துக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து நாற்காலியாருடையது.