மஞ்சள் தண்ணீருக்கு மதிப்பு கண்ட வரலாறு

பூமிக்கடியில் கேட்பாரற்றுக் கிடந்த தண்ணீருக்கு மானம் மரியாதை தேடித் தந்தது பொருளாதாரம் என்னும் மாபெரும் சாத்திரமே. அதற்கு முன்பெல்லாம் மக்கள் அதை வெறுமனே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மரியாதை பெங்களூர் பீன்யாவில் ஒரு சந்துக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்தில் உலோகத்துக்கு முலாம் பூசும் ப்ளேட்டிங் கம்பெனி முதலாளி சிவசங்கரன், கழிவைச் சுத்திகரிக்கும் வீண்செலவை வெறுத்தவர். வற்றிப்போன தம் போர்வெல்லுக்குள்ளேயே அதை இறக்கிவந்தார். நிலத்தடி நீரை நம்பிய சந்தின் பொதுக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. குடிக்க கேன் வாங்கினார்கள்; குளிக்க, துவைக்க இதுதான். தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய ஞானம்மாளின் மகள் ஜெனிஃபருக்குக் கை முழுக்கப் புண். அந்தக் குழியை மூடவைக்காமல் விடுவதில்லை என்று ஞானம்மாள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள்.

மூடச் சொல்லி ஒரு உத்தரவு போட்டிருக்கலாம். அது பழங்காலத்து முரட்டு வழி. ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ், பொருளாதார நிபுணர் பத்ரிநாத்தை அனுப்பியது. அவர் ஞானம்மாள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, தொண்டையைச் செருமிக் கேட்டார்:

“தண்ணி சுத்தமா வர்றதுக்கு மாசம் எவ்வளவு குடுக்கத் தயாரா இருக்கீங்க?”

ஞானம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேரம்! “நீயே சொல்லும்மா” என்கிற காய்கறிக்காரனிடம் மனசில் இருக்கும் விலையைச் சொல்லும் பெண் அந்தச் சந்திலேயே கிடையாது. முதலில் அடிமாட்டு விலை கேட்க வேண்டும்; அவன் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்; இவள் நடையைக் கட்ட வேண்டும்; அவன் கூப்பிட வேண்டும். அதுதான் முறை.

“பத்து ரூபா,” என்றாள்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி எட்டிப் பார்த்து, “எனக்கு எட்டு போட்டுக்கோ சார்,” என்று தன் சாமர்த்தியத்தைக் காட்டினாள்.

பத்ரிநாத் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

“இன்னா சார், எழுதிட்டீங்க? நீங்க ஒரு ரேட் சொல்லுங்க!”

“நான் சொல்லக் கூடாதும்மா. ஆய்வு கெட்டுடும்.”

“சரி, அம்பது. நூறு வேணாலும் தர்றேன் சார்!”

“முதல்ல வாயில வர்றதுதான் உண்மையான மதிப்பு. மாத்தினா சயின்ஸ் ஒத்துக்காது.”

அடுத்த வாரம் ஆபீசில் கூட்டம். சந்திலுள்ள எல்லா வீடுகளின் தூய்மை ஆசையையும் கூட்டினால் மாதம் அறுநூறு ரூபாய் என்று பத்ரிநாத் அறிவித்தார். கழிவைச் சுத்திகரிக்கவோ மாதம் லட்ச ரூபாய். அறுநூறு ரூபாய்ச் சந்தோஷத்துக்கு லட்சத்தைச் செலவழிப்பது சமுதாயத்துக்கே நஷ்டம் அல்லவா? எனவே அந்த மஞ்சள் நிறம் ‘உகந்த மாசு’ என்று தீர்மானமாயிற்று. மாதம் அறுநூறு ரூபாய் ஆபீசில் கட்டிவிட்டு சிவசங்கரன் குழியைத் தொடரலாம்.

சிவசங்கரன் எழுந்தார். “வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ஏதாச்சும் டிஸ்கவுண்ட் உண்டா சார்?”

ஐந்நூறாயிற்று. சயின்ஸ் ஒத்துக்கொண்டது.

ஞானம்மாள் பின்வரிசையிலிருந்து கேட்டாள்: “எவ்ளோ தருவேன்னு அவரையும்தானே கேட்டீங்க?”

“இல்லம்மா. குழியை மூட அவருக்கு எவ்வளவு வேணும்னு கேட்டோம்.”

“அப்போ தண்ணியக் கெடுக்கறவரு வாங்கணும். கெட்டத மேல ஊத்திக்கிறவங்க குடுக்கணும்?”

“கரெக்ட்! எவ்வளவு சீக்கிரம் பிடிச்சிட்டீங்க!” பத்ரிநாத் மனம் நெகிழ்ந்தார்.

“நல்லா இருக்குது சார் உங்க படிப்பு. என் பொண்ணு கைய நான் எப்போ வெலைக்கு வெச்சேன்?”

அந்தக் கேள்வி ஆய்வு வரம்புக்குள் வராததால், கூட்டம் நன்றியுரையுடனும் வடையுடனும் இனிதே நிறைவுற்றது.

கொலைக்குக் கூலி பேசுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. சாகப்போகிறவர்களையே உட்காரவைத்து, அவர்கள் வாயாலேயே ரேட்டைச் சொல்லவைத்து, அதிலும் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்த பெருமை பத்ரிநாத் ஒருவரையே சாரும்.