ஸ்டாப்வாட்ச் அண்ணாத்தே போட்ட மூன்றாவது கட்டம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை புயலுக்கு அசையாதவர்களைப் பார்த்திருக்கிறேன், போலீசுக்கு அசையாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் அண்ணாத்தேக்குப் பயப்படாத ஒரு ஜீவனை மட்டும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில், திருவொற்றியூரில் கிரேன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் ஆறு பேர் படம் வரைந்துகொண்டிருந்தோம். அண்ணாத்தே எங்கள் தலைவர். கழுத்தில் தாயத்துக்குப் பதில் ஒரு ஸ்டாப்வாட்ச். உலகத்தில் ஒரே மாதிரி இரண்டு பொருள் இருந்தால் எது உசத்தி என்று பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

கேட்டுக்கு எதிரே இரண்டு டீக்கடை. இரண்டிலும் ‘ஸ்பெஷல் டீ’ என்று போர்டு. அண்ணாத்தே தெர்மாமீட்டரோடு போய் உட்கார்ந்தார். எந்த டீ எத்தனை நிமிஷம் சூடாக இருக்கிறது, எந்தக் கிளாஸில் நுரை எத்தனை, டீ எத்தனை என்று ஒரு வாரம் குறித்தார். தெர்மாமீட்டரைக் கண்டாலே மாஸ்டர்கள் டீயைச் சிந்துவார்கள். அதையும் குறித்தார். கடைசியில், “போர்டுல கீறது வேற, கிளாஸ்ல கீறது வேற நைனா” என்று தீர்ப்பு.

அண்ணாத்தே ராயபுரம் கல்மண்டபத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலிலும் வாட்ச் ஓடும். ‘கடைசியாக ஒரு வார்த்தை’ என்று சொன்ன பிறகு பெரிய சாமியார் பத்தொன்பது நிமிஷமும் சின்ன சாமியார் நாலு நிமிஷமும் பேசுவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தச் செய்தி வெளியே கசிந்ததும் சின்னவரின் பூசையில் நிற்க இடம் கிடைக்கவில்லை.

எங்களையும் விடவில்லை. நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். என் பக்கத்தில் இருந்தது: ‘கோடு: சுத்தம். வேகம்: மாட்டு வண்டி. சந்தேகம்: ஒரு படத்துக்குப் பதினாலு தடவை.’ அது உண்மை. எனக்குப் பிறவியிலேயே பயம். பென்சிலை எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

“அப்ளிகேசன்ல ஒரு நாளிக்கு ரெண்டு சீட்டு படம்னு போட்டுக்கிற. அரை சீட்டு தாண்டலியே மாமு,” என்பார்.

டீக்கடைகளுக்கு இருந்த மாதிரி எனக்கும் ஒரு போர்டு; அதில் இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருந்தது. ‘பர்மனென்ட் வேலை’ என்று மாமனாரிடம் சொல்லிப் பெண் எடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து லாரியில் இரண்டு மிஷின்கள் வந்து இறங்கின. ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். கம்ப்யூட்டரில் அளவைக் கொடுத்தால் பேனாவைப் பிடித்துத் தானே படம் வரையுமாம். ஒரு நொடிக்கு எத்தனை அங்குலம், எத்தனை பேனா, எத்தனை மெலிசான கோடு, எவ்வளவு ஞாபக சக்தி என்று டை கட்டிய இரண்டு ஆட்கள் வழவழப்பான புத்தகங்களைக் கொடுத்தார்கள். இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது தேவலை என்று ரிப்போர்ட் எழுதும் வேலை அண்ணாத்தேக்கு. மிஷின் வந்தால் ஆறு பேரில் மூன்று பேர் போதும் என்று மேனேஜர் சொன்னதாகக் கேன்டீனில் பேச்சு. மூன்று பேரை நிறுத்துவதென்றால் முதல் ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் வாழ்க்கையில் சந்தேகம் வராத ஒரே விஷயம் அதுதான்.

எங்களில் வேகமானவன் மரியதாஸ். அவனே அண்ணாத்தேயிடம் போனான்.

“அண்ணாத்தே, ரிப்போர்ட்ட கொஞ்சம் அப்டி இப்டி எழுதி வுட்டுடு. பசங்க பேஜாராகிக் கீறானுங்க.”

“பொய் சொல்ற வாட்சு என்னாண்ட இல்ல நைனா.”

அன்று மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

சோதனை நாள். அண்ணாத்தே காகிதத்தில் கட்டம் போட்டார். பச்சைக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

“மூணாவது யாருக்கு?” என்றார் மேனேஜர்.

“மன்சனுக்கு சார். அதே படம், அதே அளவு.”

மேனேஜர் சிரித்தார். “சரி, மரியதாஸை உட்கார வையுங்கள்.”

“அவன் இல்ல சார். இவன்.”

விரல் என்னைக் காட்டியது. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் நின்றது.

டிசைன் எஞ்சினியர் எழுதிய ஓர் இரும்புத் தட்டின் அளவுகளை மூன்று பேருக்கும் கொடுத்தார்கள். பச்சை ஒன்பது நிமிஷத்தில் முடித்தது. சாம்பல் பன்னிரண்டு, ஆனால் கோடு முடி மாதிரி மெலிசு. பன்னிரண்டாவது நிமிஷத்தில் நான் காகிதத்தில் விழுந்த வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால், அண்ணாத்தே தன் இடது மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாட்சையே முறைக்கிறார். என் நேரத்தை எண்ணுகிறார் என்று நினைத்ததும் பென்சில் முனை உடைந்தது.

அப்புறம்தான் அது கண்ணில் பட்டது. தட்டின் அகலம் இருநூறு மில்லிமீட்டர். ஒரு போல்ட் ஓட்டையின் நடுப்புள்ளி ஓரத்திலிருந்து சரியாக இருநூறில். எனக்குத்தான் கணக்கு வரவில்லையோ என்று நாலு தடவை கூட்டினேன். கேட்டால் வேலை போகும், கேட்காமல் வரைந்தால் உயிர் போகும் போலிருந்தது. கால் தானாக எழுந்து மேனேஜரிடம் போய்விட்டது.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த ஓட்ட பாதி தட்டுல கீது. மீதி பாதி காத்துல கீது சார்.”

மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மிஷின்களின் படங்களைப் பார்த்தார். இரண்டிலும் பாதி ஓட்டை காற்றில் தொங்கியது, மிக அழகாக.

“கொடுத்த அளவைத்தான் வரைந்தது சார்,” என்றார் டை கட்டியவரில் ஒருவர்.

“அந்தத் தட்டில் ஐந்து டன் தொங்கும்,” என்றார் மேனேஜர்.

ரிப்போர்ட்டில் அண்ணாத்தே ஒரு பொய்கூட எழுதவில்லை. வேகத்தில் பச்சை முதல், கோட்டில் சாம்பல் முதல், இரண்டிலும் நான் கடைசி. அடியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘பயம்: பச்சையில் இல்லை. சாம்பலில் இல்லை. மனிதனிடம் தேவைக்கு மேல் இருக்கிறது.’

பச்சை மிஷினை வாங்கினார்கள். மிஷினுக்கு அளவைச் சரிபார்த்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று ஆறு பேரும் அப்படியே இருந்தோம். எந்த அளவும் என் மேஜைக்கு வராமல் மிஷினுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. மாமனாரிடம் சொன்னது நிஜமாயிற்று.

அன்று சாயங்காலம் டீக்கடையில் கேட்டேன். “மரியதாச வுட்டுட்டு என்னிய ஏன் அண்ணாத்தே?”

“அவன் மிசின் மாரி. குட்த்தா போட்டுடுவான். அவன் ஜெயிச்சா அவன் ஒருத்தன் நிப்பான். கடைசி ஆளு நீ நின்னா ஆறு பேரும் நிப்பீங்கோ.”

“அளவுல தப்பு கீதுன்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது.”

“தப்பு இல்லாம இருந்தா இன்னா ஆயிருக்கும்?”

அண்ணாத்தே நோட்டைத் திறந்து என் முன்னால் தள்ளிவிட்டு டீயைக் குடித்தார். என் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு வரி: ‘இவன் வரையும்போது என் நாடி: நூற்றுப் பதினெட்டு.’

இப்போதும் பயம் வரும்போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்க்கிறேன். எனக்காக எனக்கே இதுவரை நூற்றுப் பத்தைத் தாண்டியதில்லை.