மூன்று பள்ளிகளின் முளைப்புத்திறன் குறித்து மஸ்கட்டுக்கு ஓர் அறிக்கை

மருத்துவக் கல்லூரிச் சாலை,
தஞ்சாவூர்.
23-3-2003, ஞாயிறு.

அன்பிற்குரிய தம்பி மகன் தமிழ்மாறனுக்கு, அத்தை நீலாம்பாள் எழுதுவது.

இவ்விடத்தில் என் இடது முழங்கால் நீங்கலாக அனைத்தும் நலம். அவ்விடத்து நலத்தை நீ வாரத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் உரக்கச் சொல்லிவிடுவதால், அதை அறியும் ஆவல் எனக்கு மிச்சமில்லை. ஈராக்கில் விழும் குண்டு மஸ்கட்டில் விழாது என்பதை அட்லஸை விரித்து உன் தந்தைக்கு விளக்கினேன். ரெத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து அளந்தான். "ரெண்டு வெரக்கடதானக்கா இருக்கு" என்றான். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. உன் தாய் ராமாயி அட்லஸை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

காரியத்துக்கு வருகிறேன். உன் கம்பெனி குடும்ப விசாவை நிறுத்திவிட்டது. வள்ளியம்மையும் மகள் செம்மொழியும் மே மாதம் இங்கே வந்துவிடுவார்கள். ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. விண்ணப்பங்கள் இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகின்றன. "அத்த, நீங்க பட்டம் வாங்குனவங்க. தஞ்சாவூர்லயே நம்பர் ஒன் ஸ்கூல் எதுன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க எதச் சொல்றீங்களோ, அதுதான்" என்று நீ சொன்னாய். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேதியிட்டு என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சேர்க்கப்பட வேண்டிய பெண்ணைப் பற்றி ஒரு சொல். அவளுக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியும், அரபு கொஞ்சம் தெரியும். செம்மொழி என்று ஆசையாகப் பெயர் வைத்த தகப்பனின் மகளுக்கு அந்தப் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. போன விடுமுறையில் பேருந்துப் பலகையைப் படி என்றேன். "அத்தைப்பாட்டி, கலர வச்சு ஏறிக்கலாம்" என்றாள். அதே பயணத்தில்தான், மஸ்கட்டில் தன் கூட்டாளிகள் நால்வரும் ஒவ்வொருவராக ஊர் திரும்பிவிட்டதைச் சொல்லி, "இங்க வந்தா எனக்கு யாரு இருப்பா?" என்று கேட்டாள். நான் இருக்கிறேன் என்றேன். மரியாதைக்காகச் சிரித்தாள். அவளுக்கு வேண்டியது எது என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நீ கேட்டதோ நம்பர் ஒன். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

விதைப் பரிசோதனை நிலையத்தில் முப்பத்தோராண்டு நெல்லை எண்ணியவள் நான். மூட்டையின் வாயில் இருப்பது விற்பவன் காட்ட விரும்பும் நெல். குத்தூசியை நடுவில் செருகி உருவினால் வருவதுதான் மாதிரி. மாதிரிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும் உண்டு. பெயர் தெரிந்தால் பரிசோதிப்பவரின் கண் கெட்டுவிடும். ஆகவே மூன்று பள்ளிகளுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டேன். நுழையும் பிள்ளைகளில் ஏழுக்கு ஒருவரை நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்பது என்று தீர்மானித்தேன். நேற்று வகுப்பில் நீ கேட்ட கேள்வி என்ன? புரியாததை யாரிடம் போய்க் கேட்பாய்? மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய்?

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு, புறவழிச்சாலையிலுள்ள எண் ஒன்றின் வாசலில் குடையும் குறிப்பேடுமாக நின்றேன். தமிழ்மாறா, நான் எளிதில் வாய் பிளப்பவள் அல்லள். ஆனால் ஆற்றில் தண்ணீர் சரியாக வராத இந்த வருஷத்தில், வயல் வெடித்துக் கிடக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து, ஒவ்வொன்றும் முப்பது பிள்ளைகளைக் கழுத்துப்பட்டியோடு இறக்கிவிட்டுப் போன காட்சியைக் கண்டு, முழங்கால் வலியை மறந்து நின்றுவிட்டேன். குறுவை போனாலும் சம்பா போனாலும் இந்த ஒரு சாகுபடியை எவரும் நிறுத்தவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு ஏழாவது பிள்ளையை நிறுத்தினேன். "கேள்விக்கெல்லாம் டைம் இல்ல மேம், டெஸ்ட் இருக்கு" என்று ஓடிவிட்டது. பதினான்காவதும் அப்படியே. இருபத்தொன்றாவதை நான் பையைப் பிடித்து நிறுத்தியபோது காவலாளி வீரையன் வந்தார்.

"அம்மா, யாரு நீங்க? புள்ளைங்கள எதுக்கு எண்ணி எண்ணி நிறுத்துறீங்க? ஆபீசருங்களா?"

"பரிசோதனை அதிகாரி" என்றேன். "ஓய்வு பெற்றவள்" என்ற சொற்களை நான் சொல்லி முடிக்கையில் அவர் பாதி மைதானத்தைக் கடந்திருந்தார். அச்சொற்கள் அவர் முதுகில்தான் போய் விழுந்தன. நான் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த நிமிடம் தாளாளரே ஓடிவந்தார். அவரிடமும் சொன்னேன், "ஐயா, நான் கல்வி அலுவலகத்திலிருந்து வரவில்லை." "புரியுதுங்கம்மா, புரியுதுங்கம்மா, சர்ப்ரைஸ் விசிட்டு, வெளில சொல்லமாட்டோம்" என்று கைகூப்பினார். நம் ஊரில் பருத்திப் புடவையும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு ஒரு கிழவி கேள்வி கேட்டால் அவள் அரசாங்கம்தான். அதை மறுக்க மறுக்கப் பெரிய அரசாங்கம் ஆகிவிடுகிறாள்.

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், நம்பு. நாற்பது கணினிகள், குளிரூட்டிய அறையில். பிள்ளைகளுக்கு மின்விசிறி, கணினிகளுக்குக் குளிர். சாப்பாட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி. மதியம் பிள்ளைகள் சோற்றைப் பிசைகையில் அதில் கணிதச் சூத்திரங்கள் ஒலிக்கும். பேசக்கூடாது என்பதால் யாரோடு சாப்பிடுகிறாய் என்ற என் கேள்விக்கே அங்கே இடமில்லை. ஒன்பதாம் வகுப்பில் எட்டிப் பார்த்தேன், பத்தாம் வகுப்புப் புத்தகம் திறந்திருந்தது.

"ஒன்பதாம் வகுப்புப் பாடம்?"

"அத எட்டுலயே முடிச்சிட்டோங்கம்மா."

"எட்டாம் வகுப்பு?"

"ஏழுல."

விடாமல் இறங்கினேன். ஐந்து நாலில் இருந்தது, நாலு மூன்றில் இருந்தது, முதல் வகுப்பு யு.கே.ஜி.யில் இருந்தது, யு.கே.ஜி. எல்.கே.ஜி.யில் இருந்தது. "எல்.கே.ஜி. பாடம் எங்கே?" என்றேன். தாளாளர் கண் இமைக்காமல், "அதுக்குத்தாங்கம்மா பேரன்ட்ஸ் இன்டர்வியூ" என்றார். முப்பத்தோராண்டில் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். விதைக்குமுன் அறுவடை செய்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். கும்பிடத் தோன்றியது.

விண்ணப்பம் ஒன்று கேட்டேன். ஆதாரம் திரட்டுகிறேன் என்று பயந்து மூன்று பிரதிகள் கொடுத்தார். அதில் தாத்தாவின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. உன் தந்தையிடம் கேட்டு நிரப்பலாம் என்று அன்று மாலை கொண்டுபோனேன். "நடவு, களையெடுப்பு, அறுப்பு, மூணுலயும் பாஸுன்னு போடுக்கா" என்றான். "பாட்டிக்குக் கட்டம் இல்லியா? நடவுல இவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்" என்றாள் ராமாயி. அவர்களுக்குள் அது இன்னும் தீரவில்லை.

எண் இரண்டு நகரத்துக்குள் இருப்பது. டவுன் பஸ்ஸில் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் எண் ஒன்றிலிருந்து வந்த தொலைபேசி என்னை முந்திவிட்டது. வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. ஒரு சிறுமி தட்டோடு. பேண்டு வாத்தியம் வேறு. பாவாடை சட்டையில் இரண்டு வரிசைப் பெண்கள். சிரமப்பட வேண்டாம், நான் பாட்டுக்குப் பார்க்கிறேன் என்றேன். "நீங்க பாட்டுக்குப் பாருங்கம்மா" என்று பதினொரு பேர் உடன் வந்தார்கள். வரிசையில் ஏழாவது பெண்ணைக் கேட்டேன். "நேற்று நான் ஒளிச்சேர்க்கை குறித்து ஐயம் எழுப்பினேன். ஆசிரியை அன்புடன் விளக்கினார். மதியம் அனைவருடனும் பகிர்ந்து உண்போம்" என்றாள். பதினான்காவது பெண்ணும் ஒளிச்சேர்க்கை. இருபத்தொன்றும் ஒளிச்சேர்க்கை. ஏழுக்கு ஒன்று என்ற என் கணக்கு வரைக்கும் தொலைபேசியில் வந்திருக்கிறது! சரி என்று திரும்பி, ஐந்துக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினேன். ஓர் ஆசிரியை இருமினார். என் கண் முன்னால், ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லாமல், அந்த வரிசை நகர்ந்து அடங்கியது. ஐந்தாவது இடத்தில் ஒளிச்சேர்க்கைப் பெண் நின்றாள். மூட்டையை மாற்றும் வித்தையில் இவ்வளவு வேகத்தை நான் எந்த மண்டியிலும் கண்டதில்லை. ராணுவத்தில் சேர்க்கத் தகுந்த பெண்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். எண் ஒன்றின் வாசலில் மாநில அளவில் மதிப்பெண் வாங்கிய பையன் ஒருவனின் ஆளுயரப் படம் இருந்தது, கழுத்துப்பட்டியோடு. அதே பையன் எண் இரண்டின் வாசலிலும் இருந்தான், விபூதியோடு. "அவன் எங்க புள்ள" என்று இரு பள்ளியிலும் சொன்னார்கள். பெற்றவர்களுடைய படம் இரண்டு இடத்திலும் இல்லை.

எண் மூன்று, அரசு உதவி பெறும் மகளிர் பள்ளி. அங்கேயும் தொலைபேசி அடித்திருக்கிறது, எடுக்க ஆளில்லை. பொதுத்தேர்வுக் காலம், பாதி ஆசிரியைகள் மேற்பார்வைக்குப் போயிருந்தார்கள். தலைமையாசிரியை பாத்திமா ஒரு கையில் சாவிக்கொத்தும் ஒரு கையில் மணியடிக்கும் கட்டையுமாக எதிரே வந்தார். நான் என்னை அறிமுகம் செய்யத் தொடங்கினேன். பாட்டனி என்ற சொல் வரை காத்திருந்தார். "பாட்டனியா? நல்லதாப் போச்சு. எட்டு பி-ல ஒரு பீரியட் உக்காருங்கம்மா. சத்தம் மட்டும் வராமப் பாத்துக்குங்க, போதும்" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போய்விட்டார்.

எட்டு பி, ஜூனில் ஒன்பதாகப் போகிற ஆங்கில வழிப் பிரிவு. புத்தகம்தான் ஆங்கிலம், மற்றதெல்லாம் தஞ்சாவூர். அறுபத்திரண்டு பெண்கள், பதினெட்டு பெஞ்சுகள். உள்ளே போய்க் குறிப்பேட்டைத் திறந்தேன். ஏழாவது பெண்ணை எண்ணுவதற்குள், சபிஹா என்ற ஒருத்தி, ஒல்லிக் குச்சி, எழுந்து நின்றாள்.

"மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க டீச்சர். அப்புறம் நாங்க சொல்றோம்."

சொன்னேன். இப்படி ஒரு பெண்ணைச் சேர்க்கப் பள்ளி பார்க்கிறேன், மஸ்கட்டிலிருந்து வருகிறாள், பெயர் செம்மொழி என்றேன்.

"செம்மொழியா! சூப்பர் பேரு. தமிழ்ல நூறு வாங்குவாளா டீச்சர்?"

"பேர்கூட எழுத வராது" என்றேன்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் ஜன்னலிலிருந்து ஒரு காக்கை பறந்தது. நான் கோபப்படத் தயாரானேன். அதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏய், சிரிக்காதீங்கடி. நம்ம இங்கிலீஷக் கேட்டா அவ இதவிடச் சிரிப்பா" என்றாள். பிறகு அந்தப் பெண்கள் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் ஒரு கூட்டம் நடத்தினார்கள். நாள் ஒன்றுக்கு எத்தனை தமிழ் வார்த்தை என்று ஒரு பக்கம் பேரம் நடந்தது. "ஆயிஷா போனதிலேர்ந்து எங்க பெஞ்சுல எடம் காலி, எங்ககிட்டதான்" என்று சபிஹா அறிவித்தாள். "உன் பெஞ்சு ஆடும்டி, மொத நாளே விழுந்து வைப்பா" என்று இன்னொருத்தி மறுத்தாள். அங்கே நான் என் மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவர்கள் என்னைக் கேட்டவை பதினேழு. அதில் நெல் பூவுக்கு ஏன் மணமில்லை என்பது ஒன்று. முப்பத்தோராண்டில் என்னிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை.

குறைகளையும் எழுதுகிறேன். கழிப்பறைகள் ஆறு, அவற்றில் தாழ்ப்பாள் உள்ளவை இரண்டு. அறிவியல் ஆசிரியை பணியிடம் எட்டு மாதமாகக் காலி. எட்டு பி-யில் இரண்டு மின்விசிறிகள், ஒன்று சுற்றும். இவள் இங்கே படித்து நீ விரும்புகிற மருத்துவக் கல்லூரிக்குப் போவாளா என்றால், எனக்குத் தெரியாது. எண் ஒன்றில் படித்தாலும் தெரியாது. அங்கே தெரிந்த மாதிரி பேசுவார்கள், அவ்வளவுதான். முதலிரண்டு பள்ளிகளும் என்னை வியக்க வைத்தன, அதை மறைக்கவில்லை. ஆனால் புதிதாக வரும் ஒருத்திக்கு இடம் எங்கே என்று சண்டை போட்ட பள்ளி ஒன்றுதான். ஆகவே, நன்கு ஆராய்ந்து, விருப்பு வெறுப்பின்றி, எண் மூன்றைப் பரிந்துரைக்கிறேன். அத்தை எதைச் சொன்னாலும் அதுதான் என்று சொன்னவன் நீ.

வள்ளியம்மைக்கு என் அன்பைச் சொல்லு. வரும்போது பேரீச்சம்பழம் வேண்டாம், முழங்காலுக்குத் தடவும் அந்தத் தைலம் போதும். குழந்தைக்கு என் ஆசி. நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டு, நீடு வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தை,
ரெ. நீலாம்பாள், எம்.எஸ்ஸி.

பின்குறிப்பு: மேற்கண்ட பரிந்துரை செல்லாது. உறையை ஒட்டும் நேரத்தில் தலைமையாசிரியை பாத்திமா வீட்டுக்கே வந்துவிட்டார். காலியாக இருக்கும் அந்த அறிவியல் இடத்தில், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில், ஜூன் முதல் நான் இருக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தனக்குப் பங்குள்ள வயலின் விதைக்குத் தானே சான்று கொடுப்பது குற்றம். அப்படிக் கொடுத்த ஒருவரை நானே வேலையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். எனவே என் அறிக்கையைக் கிழித்துவிடு. மூன்றிலும் எதை வேண்டுமானாலும் நீ தேர்ந்தெடுக்கலாம். எண் ஒன்றின் படிவமும் இத்துடன் இருக்கிறது.

நடுநிலையான ஆள் ஒருவர் வேண்டுமே என்று, இன்று மாலை பிரவுசிங் சென்டருக்குப் போய், மூன்று பள்ளிகளைப் பற்றியும், என் முடிவைச் சொல்லாமல், செம்மொழிக்கு ஆங்கிலத்தில் ஈமெயில் அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது. எண் மூன்று என்கிறாள், அதன் விண்ணப்பத்தை என்னையே கொடுத்துவிடச் சொல்கிறாள். "அப்பாவுக்கு லெட்டரக் கொஞ்சம் ஸ்லோவா அனுப்புங்க அத்தைப்பாட்டி. அதுக்குள்ள அம்மாவ நான் சரி பண்ணிடுறேன்" என்றும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறாள். ஆகவே இதைச் சாதாரணத் தபாலில் சேர்க்கிறேன். நீ இதைப் படிக்கும்போது முப்பத்தொன்றாம் தேதி போயிருக்கும்.